கோத்தகிரி, வால்பாறை, ஏற்காடு: அமைதி தேடும் நகரவாசிக்கு எந்த மலையூர்?

சென்னையில் வசித்துக்கொண்டு, மூன்று நான்கு நாள் விடுப்பில் கூட்டமும் இரைச்சலும் இல்லாத ஒரு மலையூரில் தங்கிவர விரும்புபவருக்கு முதலில் நினைவுக்கு வருபவை உதகையும் கொடைக்கானலும்தான். அமைதி ஒன்றே நோக்கம் என்றால் அவ்விரண்டையும் தொடக்கத்திலேயே கழித்துவிடலாம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரி மாவட்டத்துக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் நாளொன்றுக்கு 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்றும், கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 என்றும் உச்சவரம்பும் விதிக்கப்பட்டது. கட்டுப்படுத்திய பிறகு இருக்கும் எண்ணிக்கையே இவ்வளவு என்றால், அந்த ஊர்களின் ஏரிக்கரையில் அமைதியைத் தேடுவதில் பொருளில்லை.

எஞ்சியவற்றுள் ஏலகிரி சென்னைக்கு மிக அருகில் இருக்கிறது; அந்த அருகாமைதான் அதன் குறையும்கூட, ஏனெனில் சனிக்கிழமை காலையில் புறப்பட்டு ஞாயிறு இரவு திரும்ப நினைப்பவர்கள் எல்லோரும் அங்கேதான் போகிறார்கள். கொல்லிமலை எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பெயர்பெற்றது. அருவியையும் அறப்பளீசுவரர் கோயிலையும் பார்த்துத் திரும்ப நல்ல இடம், நாட்கணக்கில் தங்குவதற்கு வசதி குறைவு. மேகமலை உண்மையிலேயே அமைதியானது, ஆனால் சென்னையிலிருந்து போய்வருவதிலேயே விடுப்பின் பாதி கரைந்துவிடும். ஆகவே மூன்று ஊர்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: நீலகிரியின் கோத்தகிரி, ஆனைமலையின் வால்பாறை, சேர்வராயன் மலையின் ஏற்காடு.

ஒப்பிடுவதற்கு முன் அளவுகோலைச் சொல்லிவிட வேண்டும். பார்க்க வேண்டிய இடங்களின் எண்ணிக்கையை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ‘எட்டு இடங்கள், ஒரே நாள்’ என்று வாடகை வண்டிக்காரர்கள் நீட்டும் அட்டவணையை வாங்கிக்கொண்டவர், நகரத்தில் விட்டுவந்ததாக நினைத்த அவசரத்தை மலைக்கும் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறார். என் அளவுகோல் ஒன்றுதான்: தங்கும் அறையின் கதவைத் திறந்து வெளியே வந்தால், வண்டியின் உதவி இல்லாமல் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் நிம்மதியாக நடக்க முடியும்? நகரத்தில் வாழ்பவருக்கு வாகனங்களுக்கு ஒதுங்காமல் நடக்கும் வாய்ப்பே அரிதாகிவிட்டதால், மலையூரில் அவர் தேடும் அமைதியின் பெரும்பகுதி அந்த நடையில்தான் கிடைக்கிறது என்பது என் கருத்து. உடன்படாதவர்களுக்கும், நடக்க இயலாதவர்களுக்கும் முடிவு வேறாக இருக்கும். அதையும் பின்னர் சொல்கிறேன்.

கோத்தகிரிக்குப் போகும் வழி எளிது. சென்னை சென்ட்ரலிலிருந்து இரவு புறப்படும் நீலகிரி எக்ஸ்பிரஸ் காலையில் மேட்டுப்பாளையத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இறங்குபவர்களில் பலர் எதிர்ப்புறம் நிற்கும் மலை ரயிலை நோக்கி விரைவார்கள். அது குன்னூர் வழியாக உதகைக்குப் போவது, கோத்தகிரியைத் தொடுவதில்லை. கோத்தகிரிக்குச் செல்பவர் பேருந்து நிலையத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்து 33 கிலோமீட்டர். கூட்டம் பிரிந்து வேறு பக்கம் போவதைப் பார்த்தபடி எதிர்த்திசையில் நடக்கும் அந்தச் சில நிமிடங்களிலேயே, சரியான ஊரைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறோம் என்ற எண்ணம் வந்துவிடும்.

ஏறும் வழியில் குஞ்சப்பனை, முள்ளூர்ப் பகுதிகளில் பலாமரங்கள் மிகுதி. பலா பழுக்கும் மாதங்களில் சமவெளிக் காட்டிலிருந்து யானைகள் ஏறிவந்து சாலையோரத்திலேயே நிற்கும். அப்போது பேருந்து ஓட்டுநர் இயந்திரத்தை அணைத்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருப்பார், உள்ளே இருக்கும் உள்ளூர்க்காரர்கள் பேச்சை நிறுத்துவதுகூட இல்லை. சொந்தக் காரில் வருபவர்கள்தான் ஒலிப்பானை அழுத்தியும் கைப்பேசியை நீட்டியும் சிக்கலை வரவழைத்துக்கொள்கிறார்கள். இந்தக் காரணத்துக்காகவே பேருந்தைப் பரிந்துரைப்பேன். அரசுப் பேருந்தில் வருபவருக்கு இ-பாஸ் தொல்லையும் இல்லை.

ஊர் ஏறத்தாழ ஆறாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. உதகையைவிடத் தாழ்வானது என்பதால் குளிர் கடுமையாக இல்லாமல் இதமாக இருக்கும். தொட்டபெட்டா மலைத்தொடர் மேற்கே அரணாக நிற்பதால் தென்மேற்குப் பருவமழையின் வேகம் இங்கே தணிந்துவிடுகிறது. குன்றின் அந்தப் பக்கத்தில் ஜூலையில் விடாமல் கொட்டும்போது கோத்தகிரியில் தூறலோடும் மூடுபனியோடும் நின்றுவிடுவதுண்டு. மாறாக, அக்டோபர், நவம்பர் மாதங்களில் வடகிழக்குப் பருவமழை இங்கே நேரடியாக அடிக்கிறது. 2009 நவம்பரில் கோத்தகிரி, குன்னூர், கேத்திப் பகுதிகளில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் பல உயிர்கள் போயின. ஐப்பசியில் ‘மழையில் மலை அழகாக இருக்கும்’ என்று கிளம்புபவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

இனி நடையைப் பற்றி. கோத்தகிரிக் கடைவீதி சிறியது, ஓரளவு சத்தமும் உண்டு. அதிலிருந்து எந்தத் திசையில் பிரிந்தாலும் கால் மணி நேரத்துக்குள் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே போய்விடலாம். இங்கே பெருந்தோட்டங்களோடு சிறு விவசாயிகளின் தோட்டங்களும் கலந்திருப்பதால், படுகர் இன மக்களின் ஊர்களான ஹட்டிகளை இணைக்கும் பொதுச் சாலைகளும் ஒற்றையடிப் பாதைகளும் பின்னிப் பின்னி ஓடுகின்றன. வேலி போட்டு ‘அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது’ என்று எழுதிவைத்த இடங்கள் உண்டு என்றாலும், அவற்றைத் தவிர்த்தே அரை நாள் நடக்கலாம். காலை ஒன்பது மணிக்கு மேல் நடந்தால், பறித்த கொழுந்தைச் சாக்கில் கட்டிச் சாலையோரத்தில் அடுக்கி, தொழிற்சாலை வண்டிக்காகக் காத்திருப்பவர்களைப் பார்க்கலாம். எடை போடும்போது ஈரத்துக்காக எத்தனை கிலோ கழிப்பது என்பதில் நடக்கும் வாக்குவாதம் எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் இல்லாதது. வெள்ளைத் துண்டைப் போர்த்திய பாட்டிமார் எதிர்ப்பட்டால் எங்கிருந்து வருகிறீர்கள் என்று விசாரிக்காமல் விடமாட்டார்கள்.

குறிக்கோள் ஒன்று வேண்டும் என்பவருக்குக் கன்னேரிமுக்கு இருக்கிறது. கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறி வந்து இந்தப் பக்கத்தில்தான் தன் முதல் வீட்டைக் கட்டினார். உதகை அதற்குப் பிறகுதான். அந்த வீடு புதுப்பிக்கப்பட்டு இன்று நினைவகமாக இருக்கிறது, கடைவீதியிலிருந்து நடந்தே போகலாம். இன்னொரு திசையில் லாங்வுட் சோலை. 116 ஹெக்டேர் மட்டுமே கொண்ட இந்தச் சோலைக்காடு சுற்றுப்புற ஊர்களுக்கு நீர் தருவது; 2024-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. நினைத்தபோது உள்ளே நுழைந்துவிட முடியாது, வனத்துறையின் அனுமதி பெற வேண்டும்; அது நல்லதும்கூட. நாள் முழுவதும் வேண்டுமென்றால் பேருந்தில் கோடநாடு காட்சிமுனைக்குப் போகலாம். கீழே மோயாற்றுப் பள்ளத்தாக்கும், அதன் நடுவே தெங்குமரஹடாவும், தொலைவில் பவானிசாகர் அணையின் நீர்ப்பரப்பும் தெரியும்; மூடுபனி இறங்கினால் எதுவும் தெரியாது.

கோத்தகிரியின் குறைகள் இரண்டு. முதலாவது மே மாதம். கோடைக் கூட்டத்தைச் சமாளிக்க, மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும், உதகையிலிருந்து இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் காவல்துறை திருப்பிவிடுவது வழக்கம். உதகையைக் கழித்துவிட்டு இங்கே வந்தவருக்கு உதகையிலிருந்து இறங்கும் வாகன வரிசையே வாசலில் வந்து நிற்கும். போதாக்குறைக்கு நீலகிரிக் கோடை விழா கோத்தகிரி நேரு பூங்காவின் காய்கறிக் கண்காட்சியுடன்தான் தொடங்குகிறது. இரண்டாவது குறை கரடி. தேயிலைப் புதர்களுக்குள் பகலில் படுத்துக்கிடந்து, இருட்டியபின் வீடுகளுக்கும் கடைகளுக்கும் எண்ணெய் தேடி வருவது இங்கே அன்றாடச் செய்தி. காட்டுமாடுகளும் சாலையில் சாவகாசமாக நிற்கும். ஆகவே நடையெல்லாம் வெளிச்சம் வந்தபின் தொடங்கி மாலை ஐந்தரைக்குள் முடிந்துவிட வேண்டும். விடுதிக்காரர் இதைச் சொல்லும்போது பயமுறுத்துகிறார் என்று எண்ண வேண்டாம்.

வால்பாறை முற்றிலும் வேறு வகை. பொள்ளாச்சியிலிருந்து ஏறத்தாழ 65 கிலோமீட்டர், ஆழியாறு அணையைத் தாண்டியதும் தொடங்கும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் நின்று திரும்பிப் பார்த்தால் அணை முழுவதும் காலடியில் கிடக்கும். அதே வளைவின் தடுப்புச் சுவரை ஒட்டி வரையாடுகள் மேய்ந்துகொண்டிருப்பதும் உண்டு. சென்னையிலிருந்து கோவைக்கோ பொள்ளாச்சிக்கோ இரவு ரயிலில் வந்து, பேருந்து பிடித்து, ஊருக்குள் போய்ச் சேரும்போது நண்பகல் நெருங்கிவிடும். வளைவுகளில் வயிறு புரட்டுபவர்களுக்கு முதல் நாள் அத்துடன் முடிந்தது. அதனால் மூன்று இரவுகளுக்குக் குறைவாக இங்கே வருவது வீண்.

உயரம் ஏறத்தாழ 3,500 அடிதான் என்பதால் கோத்தகிரியின் குளிர் இங்கே இல்லை. அதற்கு ஈடாகக் கிடைப்பது பசுமையின் அடர்த்தி. ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்த மேட்டுநிலம் தேயிலையும் காப்பியும் நிறைந்தது, நாற்புறமும் ஆனைமலை புலிகள் காப்பகம் உள்ளிட்ட காடுகள், தோட்டங்களுக்கு நடுவே ஆங்காங்கே விடுபட்ட சோலைத் துண்டுகள். புதுத்தோட்டம் அருகே சோலைமந்திகள் எனப்படும் சிங்கவால் குரங்குகள் தோட்டக் குடியிருப்பின் கூரை மேல் வரிசையாக உட்கார்ந்திருப்பதைக் காணலாம். உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இயற்கையாக இல்லாத விலங்கு, ஓட்டு வீட்டின் மேலிருந்து ஒரு சமையலறையை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். இருவாச்சி பறக்கும்போது சிறகிலிருந்து எழும் அந்த ‘ஹுஷ்’ என்ற காற்றொலியைக் கேட்டு நிமிர்ந்து பார்ப்பதற்குள் அது பள்ளத்தைக் கடந்திருக்கும்.

ஓசையின்மையை மட்டும் அளந்தால் மூன்றில் வால்பாறைக்கே முதலிடம். ஆனால் அந்த அமைதிக்கு ஒரு காரணம், ஊரில் ஆட்கள் குறைந்துவருவது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 95,000 ஆக இருந்தது, 2011-இல் ஏறத்தாழ 71,000 ஆகிவிட்டது. தோட்ட வேலையில் கிடைக்கும் கூலி போதாமல் இளையவர்கள் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிவிட, தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயன் வீடுகள் பூட்டியபடி வரிசையாக நிற்கின்றன. வெளியூர்க்காரர் ரசிக்கும் நிசப்தத்தில் இதற்கும் பங்குண்டு என்பதை அறிந்துகொண்டு போவது நல்லது.

என் அளவுகோலின்படி வால்பாறை பின்தங்குவது நடையில்தான். நிலத்தின் பெரும்பகுதி தோட்ட நிறுவனங்களுக்குச் சொந்தமானது. தோட்டப் பாதைகளில் முன் அனுமதியின்றி நடக்க முடியாது. எஞ்சியது தார்ச்சாலை. அதிலும் யானைகள் நடமாடுகின்றன. யானைக் கூட்டம் அருகில் இருந்தால் தோட்டத்துக் குடியிருப்புகளுக்குக் குறுஞ்செய்தி போகும், கம்பத்தின் உச்சியில் சிவப்பு விளக்கு மினுக்கும். இயற்கைப் பாதுகாப்பு ஆர்வலர்களும் உள்ளூர் மக்களும் சேர்ந்து நடத்தும் இந்த ஏற்பாடு பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. அந்த விளக்கு எரியும் மாலையில் விடுதித் திண்ணையை விட்டு இறங்காமல் இருப்பதே விருந்தினரின் கடமை. சிறுத்தைகள் குழந்தைகளைத் தாக்கிய நிகழ்வுகளும் இங்கே நடந்திருப்பதால், சிறு பிள்ளைகளுடன் வருபவர்கள் பொழுது சாய்ந்தபின் முற்றத்தில்கூட அவர்களைத் தனியே விடக்கூடாது. கூழாங்கல் ஆறு முழங்கால் ஆழம்தான் போலத் தோன்றும். ஆறுகளில் இறங்கி உயிரிழந்த வெளியூர் மாணவர்களைப் பற்றிய செய்திகளை இந்த ஊர் அடிக்கடி கேட்டிருக்கிறது.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை என்றால் மழை. தமிழ்நாட்டில் மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களுள் ஒன்றான சின்னக்கல்லாறு இதே மேட்டுநிலத்தில்தான் இருக்கிறது. அட்டைக்கு அஞ்சாதவர், ஒரு கட்டுப் புத்தகங்களுடன் ஓட்டுக் கூரையின் கீழ் உட்கார்ந்திருக்கத் தயாராக இருப்பவர் அப்போது போகலாம். மற்றவர்களுக்கு டிசம்பர் முதல் மார்ச் வரை ஏற்றது. வால்பாறைக்கும் இப்போது இ-பாஸ் வந்துவிட்டது என்பதால் காரில் போவோர் அதை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும், பொழுது சாயுமுன் ஆழியாறு சோதனைச் சாவடியைக் கடந்துவிடும்படி பயணத்தையும் திட்டமிட வேண்டும்.

ஏற்காட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சேலத்திலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவுகள், ஏறத்தாழ ஐயாயிரம் அடி உயரம். சேலத்துக்கு ரயில்களுக்குக் குறைவில்லை. ஏற்காடு எக்ஸ்பிரஸ் என்றே ஒன்று இருக்கிறது, ஆனால் அது விடியுமுன்பே சேலத்தில் இறக்கிவிட்டு ஈரோட்டுக்குப் போய்விடும். சேலம், ஈரோடு, பெங்களூரு ஆகிய மூன்று பக்கங்களிலிருந்தும் வார இறுதிக் கூட்டம் வந்து ஏரியைச் சுற்றியே நிற்பதால், சனி, ஞாயிறுகளில் படகுத்துறைச் சாலை சென்னையின் எந்தக் கடைவீதிக்கும் சளைத்ததன்று. அறை வாடகையும் அந்த இரு நாட்களில் ஏறிவிடும்.

செவ்வாய் முதல் வியாழன் வரை அதே ஊர் வேறாகிவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஏரியை விட்டு விலகிச் சேர்வராயன் கோயில் பக்கமோ குப்பனூர்ச் சாலைப் பக்கமோ தங்கினால், சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பிச் செடிகளும் அம்மரங்களைப் பற்றி ஏறும் மிளகுக் கொடிகளுமாக நடக்க ஏற்ற நிழற்சாலைகள் கிடைக்கும். யானையில்லாத மலை என்பது பெரிய ஆறுதல். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை பெய்து சில நாட்கள் கழித்துக் காப்பி பூக்கும்போது, மலையே மல்லிகை சூடியதுபோல் மணக்கும். அந்த வாரத்தில் விடுப்பு வாய்த்தவர்களுக்கு ஏற்காடே போதும். நாளைச் சொல்லிவைத்துப் பூப்பதில்லை என்பதால் தோட்டத்துக்காரர் யாரையாவது தெரிந்துவைத்திருப்பது உதவும்.

யாருக்கு எது என்ற கேள்விக்கு வருகிறேன். வயதான பெற்றோரை அழைத்துச் செல்பவர் தயங்காமல் ஏற்காட்டை, வார நாட்களில் மட்டும், தேர்ந்தெடுக்கலாம். மலைப்பாதை குறுகிய நேரத்தில் முடிந்துவிடும், உடம்புக்கு ஏதேனும் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் சேலத்தின் பெரிய மருத்துவமனைகளை அடைந்துவிடலாம். வால்பாறையில் அரசு மருத்துவமனை இருந்தாலும், அதற்கு மேற்பட்ட சிகிச்சைக்கு நாற்பது வளைவுகளையும் இறங்கிப் பொள்ளாச்சிக்குத்தான் போக வேண்டும். இதய நோய் உள்ளவர்களை அங்கே அழைத்துச் செல்ல நான் துணியமாட்டேன். பறவைகளையும் விலங்குகளையும் பார்ப்பதில் உண்மையான நாட்டம் உள்ளவர்களும், எழுத வேண்டியதோ படிக்க வேண்டியதோ மிச்சம் வைத்திருப்பவர்களும் வால்பாறைக்குப் போக வேண்டும். அங்கே உட்கார்ந்திருப்பதுதான் வேலை. உட்காரத் தெரியாதவருக்கு இரண்டாம் நாளே சலிப்புத் தட்டும்.

மற்றெல்லோருக்கும், குறிப்பாகத் தனியாகவோ இருவராகவோ செல்பவர்களுக்கும், நாளெல்லாம் கணினி முன் அமர்ந்து கால் மரத்துப்போனவர்களுக்கும், என் பரிந்துரை கோத்தகிரி. ஒரே நிபந்தனை, மே மாதத்தையும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையையும் தவிர்க்க வேண்டும். ஜனவரி பிற்பாதியும் பிப்ரவரியும் மிக நன்று: வானம் தெளிவாக இருக்கும், இரவில் கம்பளி வேண்டியிருக்கும், கோடநாட்டில் காட்சி மறையாது. ஆகஸ்ட், செப்டம்பரும் தாழ்வில்லை, சுதந்திர தின விடுமுறை ஒட்டிய நாட்களை விட்டுவிட்டால். கடைவீதிக்கு மிக அருகிலும் வேண்டாம், வண்டியில்லாமல் போக முடியாத தோட்டத்து நடுவிலும் வேண்டாம். கடைவீதியிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள், பேருந்து நிற்கும் ஒரு ஹட்டிக்கு அருகில் அறை பாருங்கள். சாப்பாட்டுக்குப் பேருந்தில் ஊருக்குள் வந்து, நடந்தே திரும்பலாம்.

நீலகிரி மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருப்பதால் தண்ணீருக்கு எஃகுக் குடுவை எடுத்துச் செல்ல வேண்டும். குஞ்சப்பனைச் சோதனைச் சாவடியில் வண்டிகளைச் சோதிப்பார்கள். ரயிலுக்கு இப்போது அறுபது நாட்களுக்கு முன்பிருந்துதான் முன்பதிவு செய்ய முடியும், நீலகிரி எக்ஸ்பிரஸில் வெள்ளி இரவு இருக்கைகள் விரைவில் தீர்ந்துவிடும். கிடைக்காதவர்கள் சேரன் எக்ஸ்பிரஸில் கோவைக்கு வந்து, அங்கிருந்து மேட்டுப்பாளையத்துக்குப் பேருந்திலோ பயணிகள் ரயிலிலோ போகலாம். ஞாயிறு இரவு புறப்பட்டு வியாழன் இரவு திரும்பும்படி விடுப்பை அமைத்துக்கொள்ள முடிந்தால் அந்தச் சுற்றும் தேவைப்படாது.